மாற்றிய வால்வைச் சுற்றிக் கசிவு: பொறுத்திருப்பதா, பிளக் வைப்பதா, மறுபடி நெஞ்சைத் திறப்பதா?

வால்வு மாற்று ஆபரேஷன் முடிந்து சில மாதமோ பல வருடமோ கழித்து, எக்கோ ரிப்போர்ட்டில் 'பாராவால்வுலர் லீக்' என்று ஒரு வரி வந்தால் வீட்டில் எல்லோரும் முதலில் கேட்பது, "மறுபடியும் ஆபரேஷனா?" என்பதுதான். அடுத்து யாராவது ஒருவர், "தொடை வழியாகவே அடைச்சிடலாமாமே, அதைப் பண்ணிக்கலாமே?" என்பார். அப்படி வைக்கும் அடைப்பானைத்தான் பிளக் என்பார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியவை மூன்று உண்டு: கசிவு எந்த இடத்தில் இருக்கிறது, எதனால் வந்தது, உடம்பில் என்ன செய்துகொண்டிருக்கிறது. இவற்றுக்குப் பதில் தெரிந்தால் முடிவு பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும். தழும்பு, செலவு, எத்தனை நாள் லீவு என்பதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் குடும்பத்திலும் மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருப்பது) மாற்றியவர் உண்டு. அதனால்தான் இதை இவ்வளவு தேடிப் படித்தேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் டாக்டரின் எதிரில் உட்காரும்போது எதைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

வால்வுக்குள்ளா, ஓரத்திலா?

பொருத்திய வால்வில் கசிவு இரண்டு இடங்களில் வரலாம். ஒன்று வால்வின் உள்ளே, அதாவது திறந்து மூடும் இதழ்களின் வழியாக. இன்னொன்று வால்வின் வெளி ஓரத்தில். வால்வைச் சுற்றி ஒரு துணி வளையம் இருக்கும். அதைத்தான் இதயத் திசுவோடு சேர்த்துத் தைப்பார்கள். அந்தத் தையல் ஒரு பக்கம் பிடிப்பு விட்டால், வளையத்துக்கும் திசுவுக்கும் நடுவே ரத்தம் பின்னோக்கிப் பாயும். இதுதான் பாராவால்வுலர் லீக். இரண்டுக்கும் வைத்தியம் முற்றிலும் வேறு. ரிப்போர்ட்டில் வெறும் 'லீக்' என்றிருந்தால் எது என்று கட்டாயம் கேளுங்கள்.

தகடுகள் திறந்து மூடும் செயற்கை வால்வு, அதாவது மெக்கானிக்கல் வால்வின் உள்ளே கொஞ்சம் கசிவு இருக்கத்தான் செய்யும். ரத்தம் உறைந்து ஒட்டாமல் கழுவிவிடுவதற்காக வடிவமைப்பிலேயே விட்டிருக்கும் மெல்லிய பீச்சல்கள் அவை. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே புதிதாக, அதிகமாகக் கசிந்தால் ரத்தக்கட்டியோ திசு வளர்ச்சியோ தகட்டை மூட விடாமல் தடுக்கிறதா என்று பார்ப்பார்கள். ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் டெஸ்ட்) குறைந்துபோனவர்களுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரையை நடுவில் விட்டவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அது அவசர விஷயம். கட்டியைக் கரைக்கும் ஊசியோ ஆபரேஷனோ தேவைப்படும். இந்தக் கட்டுரை பேசும் வழிகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. திசு வால்வு (விலங்குத் திசுவால் செய்தது) என்றால் பத்துப் பதினைந்து வருடத்தில் இதழ் தேய்ந்தோ கிழிந்தோ கசியலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஓரக் கசிவு அரிதானதல்ல. கவனமாகத் தேடிப் பார்த்தால் ஆபரேஷன் செய்தவர்களில் கணிசமானவர்களிடம் சிறு அளவில் தெரியும். அயோர்டிக்கைவிட (இதயத்திலிருந்து பெருந்தமனிக்கு ரத்தம் போகும் வாயிலில் உள்ள வால்வு) மைட்ரலில் அதிகம். அவற்றில் பெரும்பாலானவை எந்தத் தொல்லையும் தராமல் அப்படியே கிடக்கும். ஒரு சிறு பங்குதான் இதயத்தைக் களைப்படையச் செய்யும், அல்லது ரத்தத்தைச் சிதைக்கும்.

எதனால் வந்தது?

வால்வு உட்காரும் இடத்தில் சுண்ணாம்பு படிந்திருந்தால் தையல் சரியாகப் பிடிக்காது. ருமாட்டிக் காய்ச்சலால் பல வருடம் சிதைந்த மைட்ரல் வால்வுகளில் இது சகஜம். நம் ஊரில் வால்வு மாற்றியவர்களில் ஏராளமானோர் இந்த வகைதான். சிறு வயதில் வந்த தொண்டைப் புண்ணின் பின்விளைவாக, முப்பது நாற்பது வயதிலேயே மெக்கானிக்கல் வால்வோடு வாழ்கிறவர்கள். திசு மெலிந்திருப்பது, ஸ்டீராய்டு எடுத்தது, முன்பே ஒருமுறை அதே இடத்தில் தைத்தது எல்லாம் காரணமாகலாம்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான காரணம் கிருமித்தொற்று. ஆபரேஷன் முடிந்து நன்றாக இருந்தவருக்குப் புதிதாகக் கசிவு தெரிந்தால், கூடவே காய்ச்சலும் இருந்தால், வால்வில் எண்டோகார்டைடிஸ் (அந்தத் தொற்றின் பெயர்) இல்லை என்று உறுதி செய்யும்வரை வேறெந்த யோசனைக்கும் போகக் கூடாது. ரத்தக் கல்ச்சர் எடுக்காமல், காய்ச்சலுக்கு மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்வதுதான் இங்கே நடக்கும் மிகப் பெரிய தவறு. இரண்டு மாத்திரை போட்டதுமே கல்ச்சரில் கிருமி தெரியாமல் போய்விடலாம். அப்புறம் எந்தக் கிருமிக்கு எந்த மருந்து என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

தொற்று இருக்கும் இடத்தில் பிளக் வைக்க முடியாது. கிருமி இருக்கும் இடத்தில் இன்னொரு உலோகப் பொருளைக் கொண்டுபோய் வைப்பதாகிவிடும். அதேபோல் வால்வின் சுற்றளவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தையல் விட்டு, வால்வே ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடுகிறது என்றால் அதையும் பிளக்கால் நிறுத்த முடியாது. இந்த இரண்டிலும் ஆபரேஷன்தான் வழி. இதில் தயங்கி நாள் கடத்துவது உயிருக்கே ஆபத்து.

மூச்சா, ரத்தமா?

கசிவு உடம்பைத் தாக்கும் விதம் இரண்டு. ஒன்று, ரத்தம் பின்னோக்கிப் பாய்ந்து இதயத்துக்கு வேலை கூடி, மூச்சிரைப்பு, கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது என்று வருவது. இது எல்லோருக்கும் புரிகிறது. இன்னொன்று, குறுகிய சந்து வழியே அதிவேகமாகப் பாயும்போது சிவப்பணுக்கள் கிழிந்து உடைவது. ஹீமோலிசிஸ் என்பார்கள். ஹீமோகுளோபின் இறங்கும், எல்டிஎச் (அணுக்கள் உடைந்தால் ரத்தத்தில் கூடும் நொதி) ஏறும், ஹாப்டோகுளோபின் (உடைந்த அணுவின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) காணாமல் போகும், சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போகும், கண் லேசாக மஞ்சளாகும்.

இந்த இரண்டாவதை நம் பெண்களிடம் தவறவிடுவது மனதை வருத்துகிற விஷயம். வால்வு மாற்றிய பெண்ணுக்கு ஹீமோகுளோபின் எட்டு என்று வந்தால், "பொம்பளைங்களுக்கு ரத்தச்சோகை இருக்கிறதுதான்" என்று இரும்புச்சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுகிறார்கள். அவர்களும் மாதக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். வால்வு மாற்றிய யாருக்கும் விளங்காத ரத்தச்சோகை வந்தால் எல்டிஎச் ஒன்றைச் சேர்த்துப் பார்த்துவிட வேண்டும். மலிவான டெஸ்ட்தான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கசிவின் அளவுக்கும் ரத்தச் சிதைவுக்கும் நேர்ப் பொருத்தம் கிடையாது. எக்கோவில் 'மைல்டு' என்று போட்டிருக்கும் குறுகிய கசிவு, பெரிய கசிவைவிட மோசமாக ரத்தத்தை உடைக்கலாம். ஆகவே ரிப்போர்ட்டில் உள்ள 'மைல்டு', 'மாடரேட்' என்ற சொல்லை மட்டும் வைத்து நிம்மதியடையவும் வேண்டாம், பதறவும் வேண்டாம்.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதில் இந்த வித்தியாசம்தான் எல்லாவற்றிலும் பெரிது. மூச்சிரைப்புதான் தொல்லை என்றால், கசிவைக் கணிசமாகக் குறைத்தாலே நோயாளி எழுந்து நடமாடத் தொடங்கிவிடலாம். ரத்தச் சிதைவு என்றால் முக்கால்வாசி அடைப்பது போதாது. மீதமிருக்கும் சந்து இன்னும் குறுகலாகி, சிதைவு முன்னைவிடக் கூடவும் வாய்ப்புண்டு. பிளக்கின் கம்பி வலையே சிறிது காலம் அணுக்களை உரசலாம். அதனால் ஹீமோலிசிஸுக்காக பிளக் வைப்பதாக இருந்தால் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "முழுசா அடைபடுமா?" என்பதுதான்.

பொறுத்திருப்பது

சிறு கசிவு, தொல்லை எதுவும் இல்லை, ரத்தம் சரியாக இருக்கிறது, இதய அறைகள் பெரிதாகவில்லை என்றால் பொறுத்திருப்பதே சரியான வைத்தியம். ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எடுக்கும் முதல் எக்கோவை லேமினேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். பின்னால் வரும் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் அதோடு ஒப்பிட்டால்தான் கசிவு பழசா புதுசா, கூடுகிறதா என்று தெரியும்.

லேசிக்ஸ் போன்ற நீர்மாத்திரை, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, உப்பைக் குறைப்பது, சிதைவு இருந்தால் இரும்புச்சத்தும் ஃபோலிக் ஆசிடும், சிலருக்கு இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர். இவை எல்லாம் தொல்லையைத் தணிக்கும், ஓட்டையை மூடாது. மாத்திரை அளவு கூடிக்கொண்டே போகிறது, மாதம் ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது என்றால் பொறுத்திருக்கும் காலம் முடிந்துவிட்டது. அதற்கு மேலும் ஒத்திப்போட்டால் சிறுநீரகம் கெடும், நுரையீரல் அழுத்தம் ஏறும், உடம்பு மெலியும். ஆறு மாதம் முன்னால் தாங்கியிருக்கக்கூடிய ஆபரேஷனை இப்போது தாங்க முடியாத நிலை வந்துவிடும். பயத்தினால் தள்ளிப்போட்டு, கடைசியில் எந்த வழியும் இல்லாமல் நிற்பது இப்படித்தான் நடக்கிறது.

மறுபடி திறப்பது

ரெடோ சர்ஜரி என்பார்கள். விட்டுப்போன இடத்தில் மட்டும் வலுவாகத் தைப்பது ஒரு வகை. வால்வையே எடுத்துவிட்டுப் புதிது வைப்பது இன்னொரு வகை. எதைச் செய்வது என்பது பெரும்பாலும் உள்ளே பார்த்த பிறகே முடிவாகும். இதன் பலம், ஓட்டையைக் கண்ணால் பார்த்து முழுதாக அடைப்பது. தொற்று இருந்தால் கெட்ட திசுவைச் சுத்தமாக வெட்டி எடுக்க முடியும். இன்னொரு வால்விலும் பழுது இருந்தால் கையோடு சரிசெய்துவிடலாம். ருமாட்டிக் நோயாளிகளுக்கு வலப்பக்க ட்ரைகஸ்பிட் வால்வும் கசிவது வழக்கம் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

ஆபத்து, முதல் ஆபரேஷனைவிட நிச்சயம் அதிகம். முந்தைய தழும்பால் இதயம் நெஞ்செலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். எலும்பை அறுக்கும்போதே இதயத்தில் காயம் படலாம். அதனால் முன்கூட்டியே சிடி ஸ்கேன் எடுத்து, எலும்புக்கும் இதயத்துக்கும் இடைவெளி எவ்வளவு என்று பார்ப்பார்கள். மைட்ரலுக்கு வலது விலாப் பக்கமாகச் சிறு துளை வழியே போவதும் உண்டு. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஆபத்து ஏறும். சுண்ணாம்பு படிந்த, நொய்ந்த திசுவில் தைத்தது மறுபடி விடவும் வாய்ப்புண்டு.

பிளக்

1992-இல் பாஸ்டன் மருத்துவர்கள், பிறவி இதய ஓட்டைகளை அடைக்கும் குடை போன்ற கருவியைக் கொண்டு வால்வு ஓரக் கசிவை முதன்முதலாக கதீட்டர் (ரத்தக்குழாய்க்குள் நுழைக்கும் மெல்லிய குழாய்) வழியே அடைத்ததை வெளியிட்டார்கள். இன்று பயன்படுவது நிட்டினால் என்ற உலோகக் கலவையின் கம்பியால் நெய்த பிளக்குகள். ஆம்ப்ளாட்சர் வாஸ்குலர் பிளக் வகைகள் பரவலானவை. இந்தக் கசிவுக்கென்றே ஆக்லூடெக் நிறுவனம் செய்த கருவியும் உண்டு. ஓட்டை வட்டமாக இருப்பது அபூர்வம், பிறைநிலா போல வளைந்திருக்கும். அதில் ஒரு வட்டப் பிளக்கை வைத்தால் இரு பக்கமும் இடைவெளி விடும். ஆகவே சிறு பிளக்குகள் இரண்டு மூன்றை அடுத்தடுத்து வைப்பார்கள்.

கேத் லேபில் (கதீட்டர் சிகிச்சைக்கான அறை), மயக்கம் கொடுத்து, உணவுக்குழாய் வழியே முப்பரிமாண எக்கோ பார்த்துக்கொண்டே செய்வது. மைட்ரல் என்றால் தொடையிலுள்ள சிரை வழியாகப் போய், இதயத்தின் மேலறைகளுக்கு நடுவேயுள்ள சுவரில் துளையிட்டு இடப்பக்கம் வருவார்கள். அயோர்டிக் என்றால் தமனி வழியே போவது எளிது. மைட்ரலில் சுவரை ஒட்டிய பக்கம் ஓட்டை இருந்தால் கதீட்டரை அவ்வளவு கூர்மையாக வளைப்பது கடினம். அப்போது விலாவுக்கு நடுவே சிறு கீறல் போட்டு இதயத்தின் நுனி வழியாக நேராகப் போக வேண்டியிருக்கும்.

இரண்டு வால்வும் மெக்கானிக்கலாக மாற்றியவர்கள் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். மைட்ரல் ஓட்டை வழியே கம்பியை நுழைத்து அயோர்டிக் வால்வைத் தாண்டி வெளியே எடுத்து, இரு முனையிலும் பிடித்துக்கொண்டு செய்வது பல இடங்களில் வழக்கம். அயோர்டிக்கிலும் மெக்கானிக்கல் வால்வு இருந்தால் அதன் தகடுகள் வழியே கம்பியை விடுவது ஆபத்து. திட்டமே மாறும். உங்கள் டாக்டர் இதை யோசித்திருக்கிறாரா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

பிளக் விரிந்தபின் வால்வின் தகடு தடையில்லாமல் திறந்து மூடுகிறதா என்று எக்ஸ்ரே திரையில் பார்த்துவிட்டுத்தான் விடுவிப்பார்கள். தகட்டில் இடித்தால் திரும்ப இழுத்துக்கொள்ளலாம், விடுவித்த பிறகு அது எளிதல்ல. பிளக் நழுவிப் போவது, பக்கவாதம், ரத்தப்போக்கு எல்லாம் நடக்கக்கூடியவை. நெஞ்சைத் திறக்கவில்லை என்பதற்காக இதைச் சின்ன வேலை என்று நினைத்துவிடக் கூடாது. ஆனாலும் எல்லாம் நல்லபடி நடந்தால் சில நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆபரேஷனில் ஆஸ்பத்திரியிலேயே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், எலும்பு கூட இரண்டு மூன்று மாதம் வேண்டும்.

நேருக்கு நேர்

அமெரிக்காவின் மேயோ கிளினிக், மைட்ரல் ஓரக் கசிவு கொண்ட ஏறக்குறைய 380 பேரை வைத்து 2017-இல் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டது. பாதிப் பேருக்கு பிளக், பாதிப் பேருக்கு ஆபரேஷன். நினைத்தபடி அடைக்க முடிந்தது பிளக்கில் 70 சதவீதம் பேருக்கு, ஆபரேஷனில் 95 சதவீதம் பேருக்கு. ஆஸ்பத்திரியிலேயே இறந்தவர்கள் பிளக்கில் 3 சதவீதம், ஆபரேஷனில் 8 சதவீதத்துக்கும் சற்று மேல். பல வருடம் கழித்துப் பார்த்தபோது உயிரோடு இருந்தவர்களின் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு அல்ல, யாருக்கு எது பொருந்தும் என்று டாக்டர்கள் பார்த்துக் கொடுத்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் இதைப் படிக்க வேண்டும். பல வருட அனுபவம் உள்ள இடத்திலேயே பிளக்கில் பத்தில் மூன்று பேருக்கு நினைத்தபடி அமையவில்லை என்பதும் யோசிக்க வேண்டியது.

2020-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், கட்டுக்கடங்காத ரத்தச் சிதைவோ இதயச் செயலிழப்போ இருந்தால் ஆபரேஷனைத்தான் முதலில் சொல்கிறது. ஆபரேஷன் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு, ஓட்டையின் அமைப்பு பொருந்தினால், அனுபவமுள்ள மையத்தில் பிளக். 2021-இன் ஐரோப்பிய வழிகாட்டுதலும் கிட்டத்தட்ட இதே வழிதான், கூடவே அந்த மருத்துவமனையின் தேர்ச்சியையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

எனக்குப் படுவது இது. நாற்பதுகளில் இருப்பவர், ஒருமுறைதான் நெஞ்சைத் திறந்திருக்கிறது, சிறுநீரகமும் நுரையீரலும் நன்றாக இருக்கின்றன, தொல்லை ரத்தச் சிதைவு, ட்ரைகஸ்பிட்டும் கசிகிறது: ஆபரேஷன் பக்கம் சாய்வேன். எழுபது வயது, இரண்டு முறை திறந்தாயிற்று, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, ஒரே ஒரு ஓட்டை, தொல்லை மூச்சிரைப்பு: பிளக்கை முதலில் முயல்வதே நியாயம். பிளக் சரிவராவிட்டாலும் ஆபரேஷன் வழி பெரும்பாலும் திறந்தே இருக்கும். அப்படி முயல்வதானால், உடம்பு ஆபரேஷனைத் தாங்கும் நிலையில் இருக்கும்போதே முயல வேண்டும்.

திசு வால்வும் டாவியும்

திசு வால்வு உள்ளே தேய்ந்து கசிந்தால் மூன்றாவது வழி ஒன்று உண்டு: பழைய வால்வுக்குள்ளேயே கதீட்டர் வழியாகப் புது வால்வை விரித்துவிடுவது. சேப்பியன், இந்தியாவில் குஜராத்தின் மெரில் நிறுவனம் செய்யும் மைவால் போன்றவை இதற்கு உதவுகின்றன. பழைய வால்வின் அளவு சிறியதென்றால் புதியது உள்ளே உட்கார்ந்தபின் வழி இன்னும் குறுகிவிடும். அயோர்டிக்கில் இதயத்துக்கான ரத்தக்குழாயின் வாய் அடைபடும் ஆபத்தையும் சிடியில் அளந்து பார்க்க வேண்டும். மெக்கானிக்கல் வால்வுக்குள் இதைச் செய்யவே முடியாது. ஆபரேஷனில் தைத்து வைத்த வால்வின் ஓரக் கசிவுக்கும் இது தீர்வாகாது.

டாவி (நெஞ்சைத் திறக்காமல் கதீட்டர் வழியே அயோர்டிக் வால்வு வைப்பது) செய்துகொண்டவர்களுக்கு ஓரக் கசிவு வந்தால் பெரும்பாலும் அன்றே பலூனால் இன்னும் விரித்துப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் பிளக் அல்லது இரண்டாவது வால்வு.

எங்கே, எவ்வளவு?

ரெடோ வால்வு சர்ஜரி செய்யும் இடங்கள் தமிழ்நாட்டில் நிறைய. ஓரக் கசிவுக்கு பிளக் வைத்துப் பழகிய கைகள் குறைவு. ஆகவே "செய்வீங்களா?" என்று கேட்காமல், "வருஷத்துக்கு எத்தனை பேருக்குச் செய்றீங்க, கடைசியா செஞ்சவங்க எப்படி இருக்காங்க?" என்று கேளுங்கள். கார்டியாலஜிஸ்ட் மட்டுமோ சர்ஜன் மட்டுமோ சொல்வதை வைத்து முடிவெடுக்காமல், இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் இடமாக இருந்தால் நல்லது. பிளக்குகளின் எண்ணிக்கையைப் பொறுத்துச் செலவு ஏறும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், உங்களுக்குச் சொல்லியிருக்கும் அந்தக் குறிப்பிட்ட சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா என்று அட்மிஷனுக்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டு உதவி மேசையில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கருத்து கேட்கப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. முதல் ஆபரேஷனின் ஆபரேஷன் நோட்ஸ், வைத்த வால்வின் பெயரும் அளவும் உள்ள அட்டை (டிடிகே சித்ராவா, செயின்ட் ஜூட்டா, எத்தனை மில்லிமீட்டர்), உணவுக்குழாய் எக்கோவின் வீடியோ சிடி, எல்டிஎச்சும் ஹீமோகுளோபினும் தேதி வாரியாக, கடைசி சில மாத ஐஎன்ஆர். இதில் வீடியோதான் மிக முக்கியம். வெளியிலிருந்து எடுக்கும் எக்கோவில் மெக்கானிக்கல் மைட்ரல் வால்வின் நிழல் விழுந்து கசிவு மறைந்துவிடும். உணவுக்குழாய் எக்கோவில்தான் ஓட்டை கடிகார முகத்தில் எந்த மணி இருக்கும் திசையில், எவ்வளவு நீளத்தில் இருக்கிறது என்று தெரியும். அந்த வீடியோவைப் பார்க்காமல் யாராவது "பிளக் வச்சிடலாம்" என்றாலும், "ஆபரேஷன்தான் வழி" என்றாலும், அந்த யோசனையை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள்.